ஆறு வோல்ட் மேல் குற்றமில்லை

காட்கோபருக்குக் கிழக்கே தானே கழிமுகம். பந்த்நகர் பக்கம் உப்புக் காற்று ஓய்வதே இல்லை. ஜூனில் தொடங்கி செப்டம்பருக்குள் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். இந்த ஈரத்தில், திருவொற்றியூரில் செய்த பழைய 6 வோல்ட் புல்லட்டின் இன்ஜினுக்கு முன்னால் அதன் வயரிங் மூப்படைந்துவிடுகிறது. ஹெட்லைட் மங்கினால் "பேட்டரி போச்சு" என்பார்கள். இல்லையென்றால் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடச் சொல்வார்கள். சோதித்துப் பார்க்காமல் மாற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் ஓடுகிறது. வழியில் துருப்பிடித்த ஓர் இணைப்பின் தடை 0.1 ஓம் இருந்தாலே 0.6 வோல்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு, அங்கேயே போய்விடும். வெளிச்சமோ கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். 12 வோல்ட் வண்டியில் இதே துரு பெரிதாகத் தெரியாது.

பலரும் மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து, சத்தம் வந்தால் வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். பத்து இழை அறுந்து ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் பீப் வரும். பல்பு கேட்கும் 6 ஆம்பியரை அந்த ஓர் இழை எப்படித் தாங்கும்?

அதனால் லைட்டை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். பேட்டரி கரண்டில் ஹெட்லைட் எரியும் வண்டியில், மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த் டெர்மினலில், மற்றொன்று பல்பு ஹோல்டரின் எர்த்தில். காட்டுவது 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த்தில்தான். பிறகு முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால் இடம் தானே அகப்படும். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி பாசிட்டிவ் எர்த் உள்ள வண்டிகளும் உண்டு. மீட்டரில் மைனஸ் குறி வந்தால் பதற வேண்டாம். பேட்டரியை மட்டும் தலைகீழாக மாட்டிவிடாதீர்கள், ரெக்டிஃபயர் போய்விடும்.

புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றுங்கள். அடியில் பளபளவென்று பெயின்ட் இருக்கும். இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். அதே வேகத்தில் ஸ்விட்ச், அம்மீட்டர் நட்டுகளையும் சுத்தம் செய்யலாம்.

அதன்பின் இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்கள். பேட்டரியில் 7 வோல்ட் அளவுக்கு ஏறினால் சார்ஜிங் சரி. ஏறவில்லையென்றால் ஆல்டர்னேட்டரையும் ரெக்டிஃபயரையும் பாருங்கள். இரவு முழுக்க நிறுத்திவைத்த பிறகு 6.3 வோல்ட் நிற்கிறதா என்றும் பாருங்கள். சார்ஜிங் சரியாக இருந்தும் நிற்காவிட்டால் புது பேட்டரி வாங்கலாம்.