வளைமை தாவாத வளைவு

நேராக ஓடும் தண்டவாளத்தின் முனையில் 400 மீட்டர் ஆரமுள்ள வட்டவில் ஒன்றைப் பொருத்துவோம். சேரும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே திசை. கண்ணுக்கு மடிப்பே தெரியாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலுக்குத் தெரிந்துவிடும். பக்கவாட்டு முடுக்கம் பூஜ்ஜியத்திலிருந்து சட்டென்று 1 மீ/வி² ஆகிறது. நிற்கிற பயணி தள்ளாடுவார்.

வளைமை என்பது ஆரத்தின் தலைகீழ். நேர்கோட்டில் அது பூஜ்ஜியம், வில்லில் 1/400. நடுவே 100 மீட்டருக்கு ஒரு சுருளியைச் சேர்த்தால், போன தூரத்துக்கு ஏற்ப வளைமை சீராக ஏறும். அதே முடுக்கம் 5 வினாடி எடுத்துக்கொண்டு வரும். 1744இல் லியோனார்டு ஆய்லர் வளையும் கம்பியை ஆராய்ந்தபோது விவரித்த வளைவரை இது.

வளைமை ஏறிக்கொண்டே அல்லது இறங்கிக்கொண்டே போகும் எந்தத் துண்டையும் வடிவமைப்புத் துறையில் சுருளி என்பார்கள். அதற்கு ஓர் அபூர்வமான குணம் உண்டு. ஒரே பக்கம் வளையும் சுருளியின் ஒவ்வொரு புள்ளியிலும் அதோடு மிக நெருங்கிப் படியும் வட்டத்தை வரையுங்கள். எல்லா வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். எந்த இரண்டும் தொட்டுக்கொள்ளக்கூடச் செய்யா. வடிவியலில் இவ்வளவு அழகான தேற்றங்கள் குறைவு என்பேன்.

கணினியில்தான் சிக்கல். ஆய்லர் சுருளியின் ஆயங்களைப் பல்லுறுப்புக்கோவையாக எழுத முடியாது. வரைவு மென்பொருளுக்குப் பழக்கமானதோ பல்லுறுப்புக்கோவைதான். ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியே வளர்த்தெடுத்த வளைவரையில் முப்படி வகைக்கு வடிவத்தைத் தீர்மானிக்கும் நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள். முதல் மூன்றை ஒரே கோட்டில் வைத்தால் தொடக்க வளைமை பூஜ்ஜியம். அந்த மூன்றையும் சம இடைவெளியில் வைத்து, நான்காவதையும் அதே இடைவெளியில் முன்னே தள்ளிக் கோட்டுக்குச் செங்குத்தாக விலக்கினால் கிடைப்பது முப்படிப் பரவளையம். இந்திய ரயில்வே இடைநிலை வளைவுக்குப் பயன்படுத்துவது அதைத்தான். நம் 100 மீட்டரில் திசை 7 டிகிரி அளவே திரும்புவதால் அங்கே அது போதும். ஆனால் திருப்பம் 24 டிகிரியைத் தாண்டியதும் அதன் வளைமை இறங்கத் தொடங்கிவிடும். ஏறுவதும் இறங்குவதுமாகிவிட்டது, இனி அது சுருளி இல்லை. வெறும் பார்வைக்கு இந்த மாற்றம் பிடிபடாது. வளைவரை நெடுகிலும் வளைமையைச் சிறு கோடுகளாக நிறுத்திக் காட்டும் சீப்புப் படத்தை மென்பொருளில் திறந்தால், கோடுகள் உயர்ந்து தாழும் இடம் பளிச்சென்று தெரியும்.

இந்த எல்லையைத் தாண்ட முடியுமா என்பதே கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வால்டனும் மீக்கும் 1990களில் எடுத்துக்கொண்ட கேள்வி. புள்ளிகளின் இடைவெளிகளைத் திரும்பும் கோணத்தோடு குறிப்பிட்ட விகிதத்தில் பிணைத்தால், 24 டிகிரியைத் தாண்டியும் முப்படி பெசியே சுருளியாகவே நீடிக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். வடிவமைப்பாளர் பழைய மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை; புள்ளிகளை வைக்கும் இடம் மட்டும் மாறுகிறது.