உறங்கும் பிரெஞ்சுக் காரை எழுப்பும் முன்

1941 ஜனவரி 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கல்கத்தா எல்கின் சாலை இல்லத்திலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வாண்டரர் கார், நெடுங்காலம் காட்சிப் பொருளாகவே நின்றிருந்து, 2017 ஜனவரி 18 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் முன்னிலையில் புதுப்பொலிவுடன் வெளிப்பட்டது. அந்த ஜெர்மானிய வண்டியைச் செப்பனிட அதை உற்பத்தி செய்த நிறுவனத்தின் இன்றைய வாரிசே துணை நின்றது. ஆனால் பாட்டனார் விட்டுச் சென்ற சிட்ரோன் அல்லது ரெனோ என்னும் பிரெஞ்சுக் காரைப் பின்கட்டுக் கொட்டகையில் தூசி படிய வைத்திருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு அத்தகைய துணை ஏது? யந்திரத்தையும் சட்டத்தையும் அவர்கள் தாமே எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். அதில் கண்ட சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, துரு சுரண்டும் வேலை தொடங்கும் முன்பே அவற்றைப் படம் பிடித்து வையுங்கள். உரிமையாளர் காலமானால் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கோர வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் இது தலைமுறைக் கணக்கில் விட்டுப்போயிருக்கும். பாக்கி வரியும் வாரிசுகளின் சம்மதமும் தீராத வண்டிக்குச் செலவழிக்கும் பணம், பிறருடைய சொத்துக்குச் செலவழித்ததாகவே முடியக்கூடும்.

பதிவைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உள்ளன. சாதாரண வாகனமாகவே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது ஒன்று. 20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்கு இதன் கட்டணம் 2025 ஆகஸ்டில் 80,000 ரூபாயாக உயர்ந்தது. மற்றொன்று, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட விண்டேஜ் பதிவு. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களுக்கு உரியது இது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடிக் காலம் 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது, அந்த எண்ணோடு குடும்ப நினைவுகளைப் பிணைத்து வைத்திருப்போருக்கு மிகுந்த ஆறுதல். ஆயினும் இப்பதிவு பெற்ற கார் கண்காட்சிக்கும் பழங்கார் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலைக்கு வரலாம்; அன்றாடம் கடைக்குப் போய்வரவோ வாடகைக்கு விடவோ கூடாது. 15 ஆண்டு கடந்த வண்டிகளைக் கொல்கத்தாவிலும் ஹௌராவிலும் விலக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் ஆணையிட்டதை நோக்கினால், 1968 முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழங்கார் ஊர்வலத்தைக் கண்டுவரும் கொல்கத்தாவில் விண்டேஜ் பதிவே பாதுகாப்பான மார்க்கம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கேதான் பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. சேஸிஸையோ பாடியையோ எஞ்சினையோ மாற்றியமைத்த வண்டி விண்டேஜ் பதிவுக்குத் தகுதியற்றதாகிவிடும். பிரெஞ்சு எஞ்சினுக்கு உதிரி கிடைக்கவில்லையே, கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் எளிதாகக் கிடைக்கும் அம்பாஸடர் எஞ்சினை மாட்டிவிடலாமே என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்லும் யோசனை, ஒரே பிற்பகலில் பாட்டனாரின் காரைச் சட்டத்தின் கண்ணில் அநாதையாக்கிவிடும். 1934 முதல் 1957 வரை உற்பத்தியான சிட்ரோன் டிராக்‌ஷன் அவானுக்குத் தனிச் சேஸிஸே கிடையாது. பாடியே பாரம் தாங்குவதால், கதவுக்குக் கீழுள்ள பகுதி கங்கைக்கரை ஈரத்தில் துருப்பிடித்திருந்தால் வெளிப்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் உயிருக்கு ஆபத்து. அப்பகுதியைப் பழைய வடிவம் பிசகாமல் சீர்செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, பில்களைச் சேர்த்து வையுங்கள். விண்டேஜ் பதிவு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மாநிலக் குழுவின் முன் அவையே உங்கள் சாட்சிகள்.

பல்லாண்டு நின்ற எஞ்சினைச் சாவி போட்டு முடுக்காதீர்கள். டாங்கிலுள்ள பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை வடித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்த பின் கையால் சுற்றிப் பாருங்கள். இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும் என்பதால் குழாய்களை முன்னதாகவே மாற்றிவிடுவது நலம். 1955-இல் வந்த சிட்ரோன் டி.எஸ். வகையில் ஆரம்பகால வண்டிகளின் ஹைட்ராலிக் திரவம் வேறு, பிற்காலத்துப் பச்சைத் திரவம் வேறு; மாற்றி ஊற்றினால் ஸீல்கள் அனைத்தும் நாசமாகி, பிரேக்கும் போய்விடும். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை ஊதிவிடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் அதைச் சுவாசிப்பவர் கூலிக்கு உழைக்கும் பையன்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இன்றித் தெருவில் இறக்கினால் அபராதமும் சிறையும் நேரலாம். விபத்து நேர்ந்தாலோ நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலைமேல் விழும். சொந்தச் சேதத்துக்கான பாலிசியில், சந்தை விலையாக அல்லாமல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பை எழுதும்படி கேளுங்கள்.

பட்டறைக்காரர் செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியைத் தம்மிடம் நிறுத்தி வைக்க ஒப்பந்தச் சட்டம் உரிமை தருகிறது; அதே சட்டம் அவர் அதைத் தம் பொருளைப்போல் காக்கவும் கடமைப்படுத்துகிறது. அசல் பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டால் அது நம்பிக்கை மோசடி. போலீஸில் புகார் கொடுக்கலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தால், 2 ஆண்டுக்குள் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குரைஞர் இன்றியே முறையிடலாம். நுகர்வோர் உதவிக்கான 1915 என்ற தொலைபேசி எண்ணில் யோசனை கேட்கலாம். பதிவு அதிகாரி மறுத்தால், ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு உண்டு. கொட்டகைக் கதவைத் திறப்பதற்கு முன் ஒருநாள் கொல்கத்தாவின் பேல்தலா வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு அல்ல, ஆர்.சி. புத்தகத்தோடு.