உளி பிடிக்கும் கைக்கு இழப்பீடு உண்டா?

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் வழியே செல்லும்போதெல்லாம் சிற்பப் பட்டறைகளின் உளியோசை என் காதில் விழும். நாளெல்லாம் சுத்தியலை ஓங்கும் கைகளின் ஓசை அது. ஒரே அசைவு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தசைநாண்கள் வீங்கும். மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகும். பிடிமானம் தளர்ந்தால் பிழைப்பும் தளரும்.

அதற்கு இழப்பீடு கிடைக்குமா? 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டது. கல்தூசியால் நுரையீரலைத் தாக்கும் சிலிகோசிஸ் அதில் உண்டு. ஓயாத அசைவால் வரும் மணிக்கட்டு நோய் இல்லை. பட்டியலில் உள்ள நோய் எனில், உரிய காலம் அவ்வேலையில் இருந்தவருக்கு அது வேலையால் வந்ததாகவே சட்டம் கருதும். பட்டியலில் இல்லாத நோயோ, பணியின்போது நேர்ந்த குறிப்பிட்டதொரு விபத்துக் காயத்தின் நேரடி விளைவாக இருக்க வேண்டும். பல்லாயிரம் அடிகளில் எந்த அடியை விபத்தென்று ஒரு தொழிலாளி காட்டுவார்?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த அணுகுமுறையே தொடர்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய பட்டியலிலோ மணிக்கட்டு நரம்பு அழுத்த நோய் இடம்பெற்றுள்ளது.

மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவற்றைச் செதுக்கும் கைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். அறிவிக்கை வாயிலாகப் பட்டியலில் நோய்களைச் சேர்க்கச் சட்டத்திலேயே வழியுண்டு. அரசு அதைப் பயன்படுத்த வேண்டும். அதுவரை, வலி தொடங்கிய நாளிலேயே மருத்துவரிடம் தம் வேலையின் தன்மையைச் சொல்லிச் சீட்டில் பதியச் செய்வது தொழிலாளருக்கு நல்லது.