கழுத்தில் கைவைக்க ஓர் உரிமம்

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் எப்படியும் ஒரு கைரோபிராக்டர் வந்துவிடுகிறார். குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் ஓர் அழுத்து, கழுத்தில் ஒரு திருப்பு, மடக்கென்று ஒரு சத்தம். நம் ஊரில் சுளுக்கு எடுப்பவர் செய்வதுதானே, இதற்கு அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வேறா என்று கேட்கத் தோன்றும். அந்தச் சத்தம் எலும்பு இடம் மாறுவதால் வருவதல்ல. மூட்டுத் திரவத்தில் கரைந்திருக்கும் வாயுவின் வேலை. அதை எழுப்பப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. யாருடைய கழுத்தைத் தொடவே கூடாது என்று கண்டுபிடிக்கத்தான் படிப்பு வேண்டும்.

அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் 1895இல் இந்த முறையைத் தொடங்கிய டி.டி.பால்மர் மருத்துவர் அல்லர். காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டது என்பது பால்மர் சொன்ன கதை. கேட்கும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை என்பதால் மருத்துவர்கள் அதை நம்பவில்லை. 1906இல், உரிமமின்றி வைத்தியம் பார்த்ததாகப் பால்மரே சிறைக்குப் போனார். அவருக்குப் பின் பலரும் போனார்கள். கான்சாஸ் 1913இல் முதலில் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக லூசியானா இறங்கிவந்தது 1974இல்.

இன்றைய கதை வேறு. கைரோபிராக்டிக் கல்லூரியில் சேர, பொதுவாக மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்புக்குச் சமமான 90 செமஸ்டர் கிரெடிட்டுகள் வேண்டும். சில மாநிலங்கள் உரிமம் தரும்போது இளநிலைப் பட்டத்தையும் காட்டு என்கின்றன. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி. உடற்கூறியல், உடலியக்கவியல், நோய்க்குறியியல், எக்ஸ்ரே படிப்பது எல்லாம் உண்டு. கடைசிக் கட்டத்தில் கல்லூரி கிளினிக்கிலேயே மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். முடித்தால் 'டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்' பட்டம். எம்.டி. படித்தவர்போல ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி செய்யும் கட்டாயம் இல்லை. பெயருக்கு முன்னால் இருக்கும் 'டாக்டர்' இரண்டையும் ஒன்றாக்கிவிடாது.

பட்டம் வாங்கியவுடன் போர்டு மாட்டிவிட முடியாது. தேசியத் தேர்வு வாரியம் நான்கு கட்டமாகத் தேர்வு வைக்கிறது. அடிப்படை அறிவியலில் தொடங்கி, நோயைக் கண்டறிவதற்கு வந்து, நான்காவது கட்டத்தில் செய்முறை. நோயாளியாக நடிப்பவரிடம் விவரம் கேட்டு, உடலைப் பரிசோதித்து, எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், மொத்தப் படிப்பின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. முதுகுவலி என்று வருகிறவர் இரவில் வலி கூடுகிறது, எடை குறைகிறது என்றால் முதுகெலும்பில் பரவிய புற்றுநோயா என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடையிடுக்கில் மரத்துப்போகிறது என்றால் அது அவசர அறுவை சிகிச்சைக்கான அறிகுறி. மேசையில் படுக்கவைக்கக் கூடாது. திடீரென்று, இதுவரை அனுபவிக்காத கழுத்துவலியும் தலைவலியும் என்றால் மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அந்தக் கழுத்தைத் திருப்புவது பக்கவாதத்தில் முடியக்கூடும். இது அபூர்வம்தான். ஆனால் ரீல்ஸில் யாரும் இதைக் காட்டுவதில்லை.

தேர்வுக்குப் பிறகும் மாநில வாரியத்தின் கதவு இருக்கிறது. பல மாநிலங்களில் சட்ட விதிகள் பற்றித் தனித் தேர்வும் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி மணிநேரக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு மாநில உரிமத்தோடு அடுத்த மாநிலத்தில் அப்படியே தொழில் செய்துவிட முடியாது.

இத்தனையும் தாண்டி வந்தவர் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் சீர்செய்வதை, மருந்தில்லா வழிகளில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலே ஏற்கிறது. ஆனால் குழந்தையின் ஆஸ்துமாவையும் காதுத் தொற்றையும் முதுகைத் தட்டித் தீர்ப்பேன் என்பவர்களும் அதே உரிமத்தைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உரிமம் பயிற்சிக்குச் சாட்சி, வாக்குறுதிக்கு அல்ல.

இந்தியாவில் அந்தச் சாட்சியும் இல்லை. கைரோபிராக்டர்களுக்கென்று தனி உரிமச் சட்டமோ வாரியமோ இங்கே கிடையாது. ஆகவே கழுத்தைக் கொடுக்கும் முன் எங்கே படித்தீர்கள், எந்த நாட்டு உரிமம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நியூ ஜெர்ஸியிலோ டெக்ஸாஸிலோ இருக்கும் உறவினருக்கு இது இன்னும் சுலபம்: மாநில வாரியத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கை கால் மரத்துப்போகிறது என்றால் மட்டும், எந்த ஊரானாலும், முதலில் பொது மருத்துவரிடம் போய்விடுங்கள்.