தூண்டில் இழுவை மின்னோடியின் வேகக் குறைப்பு

தூண்டில் இழுவை மின்னோடி (டிரோலிங் மோட்டார்) என்பது சிறிய மீன்பிடிப் படகுகளை அதிக ஓசையின்றி மெதுவாகச் செலுத்தப் பயன்படும், மின்கலத்தால் இயங்கும் மின்னோடி ஆகும். படகு நகரும்போதே இரை கோத்த தூண்டிலை நீரில் இழுத்துச் சென்று மீன்பிடிப்பது தூண்டில் இழுவை எனப்படுகிறது. வலையை இழுத்துச் செல்லும் இழுவைமடி முறையிலிருந்து (டிராலிங்) இது வேறானது. மின்னோடியின் வேகத்தைக் குறைக்கப் பல வழிகள் உள்ளன. மின்கலம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது தெரிவு செய்யும் வழியைப் பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

1934 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு மாடல் ஏ தானுந்தின் தொடக்கி மின்னோடியுடன் வளையும் தண்டு ஒன்றையும் உந்துசுழலியையும் இணைத்து இத்தகைய மின்னோடியை உருவாக்கினார். அவர் தொடங்கிய நிறுவனம், மினசோட்டா, டகோட்டா ஆகிய இரு மாநிலப் பெயர்களையும் இணைத்து மின் கோட்டா எனப் பெயர் பெற்றது.

குறைந்த வேகத்தின் தேவை

வட அமெரிக்க ஏரிகளில் 'வால்-ஐ', 'கொக்கனி' சால்மன் போன்ற மீன்களைப் பிடிக்கப் பெரும்பாலும் மணிக்கு 1.5 முதல் 3 கிலோமீட்டர் வரையான வேகம் பயன்படுகிறது. நீர் குளிர்ந்திருக்கும்போது மீன்கள் விரைந்து துரத்துவதில்லை என்பதால் இதனினும் குறைந்த வேகம் தேவைப்படலாம். எடை குறைந்த படகில் ஆற்றல் மிக்க மின்னோடியைப் பொருத்தினாலோ, பின்னிருந்து காற்று வீசினாலோ, மிகக் குறைந்த வேக நிலையில்கூடப் படகு தேவைக்கு மேல் விரைந்து செல்லும்.

இயற்பியல் அடிப்படை

நீரின் தடைவிசை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்திற்கு) நேர்விகிதத்தில் உள்ளது. எனவே தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் எட்டில் ஒரு பங்கு திறனே போதுமானது.

எடுத்துக்காட்டாக, முழு வேகத்தில் 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 40 ஆம்பியர் மின்னோட்டம் பெறும் மின்னோடி ஒன்றைக் கொள்வோம். இதன் திறன் 480 வாட். நிலைக்காந்த நேர்மின்னோட்ட மின்னோடியில் சுழல்வேகம் மின்னழுத்தத்தையும், முறுக்குவிசை மின்னோட்டத்தையும் பொறுத்தவை. ஆகவே உள் இழப்புகளைப் புறக்கணித்தால், பாதி வேகத்திற்கு 6 வோல்ட், 10 ஆம்பியர், அதாவது 60 வாட் போதும்.

வேகக் குறைப்பு முறைகள்

மின்தடைச் சுருள்: ஐந்து முன்னோக்கு வேக நிலைகள் கொண்ட எளிய மின்னோடிகளில், குறைந்த வேகங்களுக்காக மின்தடைச் சுருள் தொடராக இணைக்கப்படுகிறது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 0.6 ஓம் மின்தடை தேவை. மின்கலம் 120 வாட் வழங்க, அதில் 60 வாட் சுருளில் வெப்பமாக வீணாகிறது. வேகம் கால் பங்காகும்போது வழங்கப்படும் திறனில் நான்கில் மூன்று பங்கு வீணாகிறது. அதாவது, எவ்வளவு மெதுவாகச் செல்கிறோமோ அவ்வளவு பெரிய பங்கு இழப்பாகிறது.

துடிப்பு அகலப் பண்பேற்றம்: இம்முறையில் மின்சுற்று நொடிக்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் முறை திரிதடையத்தால் (டிரான்சிஸ்டர்) திறந்து மூடப்படுகிறது. பாதி நேரம் மட்டும் மூடியிருந்தால் மின்னோடி சராசரியாக 6 வோல்ட் பெறும். மின்கலத்திலிருந்து எடுக்கப்படும் சராசரி மின்னோட்டம் 5 ஆம்பியர் மட்டுமே. 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்தில் பாதியைப் பயன்படுத்தினால், மின்தடை முறையில் 5 மணி நேரமும் இம்முறையில் 10 மணி நேரமும் படகை ஓட்டலாம். உண்மையான இழப்புகளால் இவ்வளவுகள் சற்றுக் குறையும்.

மின்கல இணைப்பை மாற்றுதல்: மின்னணுக் கட்டுப்பாடற்ற 24 வோல்ட் மின்னோடிக்கு இரு 12 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைப்பதற்குப் பதில் பக்கவாட்டில் இணைத்தால், மின்தடை இழப்பின்றி வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

இழுவைப்பை: படகின் பக்கத்தில் கட்டி நீரில் விடப்படும் கூம்பு வடிவத் துணிப்பை தடைவிசையைக் கூட்டி வேகத்தைக் குறைக்கும். இது ஆற்றலைச் சேமிப்பதில்லை. ஆயினும் காற்று படகைத் தள்ளும்போது மின்னோடியின் வேகத்தைக் குறைப்பது மட்டும் போதாது என்பதால், அவ்வேளைகளில் இதுவே பயன் தரும்.

பின்னோக்கிச் செலுத்துதல்: படகின் தட்டையான பின்பக்கம் முன்னாக வருமாறு செலுத்தினால் நீரின் தடை மிகுந்து வேகம் குறையும். அலை மிகுந்தால் நீர் படகினுள் புகும் இடர் உண்டு.

கவனிக்க வேண்டியவை

தனியாக வாங்கிப் பொருத்தும் வேகக் கட்டுப்படுத்தி, மின்னோடியின் உச்ச மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகத் தாங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடு ஏற்கெனவே உள்ள மின்னோடிக்கு இன்னொன்றைத் தொடராக இணைத்தல் கூடாது. வேகச் சுருள்கள் நீருக்கடியிலுள்ள கூட்டினுள் அமைந்த மின்னோடிகளில், சுற்றியுள்ள நீரே அவற்றைக் குளிர்விக்கிறது. வெளியே மூடிய பெட்டியில் வைக்கப்படும் மின்தடைக்கு அத்தகைய குளிர்ச்சி கிடைப்பதில்லை. ஈய-அமில மின்கலம் மின்னேற்றத்தின்போது எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வளிமத்தை வெளியிடுவதால், சூடாகும் மின்தடையை அதன் அருகில் வைப்பது ஆபத்தானது. மின்கலத்திற்கு அருகிலேயே உருகி (ஃபியூஸ்) ஒன்றைப் பொருத்துதல் இன்றியமையாதது.