காது குத்துதலும் புண் ஆறுதலும்: பெரியாழ்வார் பதிகம் ஒன்றை முன்வைத்து

முன்னுரை

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில் மூன்றாவதாக அமைந்த திருமொழி, கண்ணனுக்குக் காது குத்த முயலும் யசோதையின் கூற்றாகப் பாடப்பட்டது. பதின்மூன்று பாசுரங்கள் கொண்ட இப்பதிகத்தின் முதற் பன்னிரண்டில் கேசவன் தொடங்கித் தாமோதரன் ஈறாகத் திருமாலின் பன்னிரு நாமங்கள் முறையே இடம்பெறுகின்றன. நாமவரிசை, தாய்மைச் சுவை, பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகைக்கு இட்ட வித்து ஆகிய மூன்று நோக்கில்தான் இது வகுப்பறைகளில் பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. மூன்றும் பொருத்தமானவையே. ஆயினும், இப்பதிகத்தில் ஊசி குத்தும் கணத்தைக் காட்டிலும் அதற்குப் பின்வரும் நாள்களே மிகுதியாகப் பேசப்படுகின்றன என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. திரி இடுதல், வீக்கம், எரிச்சல், அணியைப் பறித்தெறிதல், திருகும்போது ஏற்படும் நோவு என்பன இதில் வரிசையாக வருகின்றன. காது குத்துதலை ஒருநாள் சடங்காக அன்றி, பல வாரங்கள் நீளும் ஒரு புண்ணின் கதையாக இப்பதிகம் அறிந்திருக்கிறது. அவ்வறிவை இன்றைய மருத்துவ விளக்கத்தோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிகத்தின் போக்கு

ஆய்ப்பாடிப் பெண்கள் கூடிவிட்டனர்; வெற்றிலை பாக்கும் ஆயத்தம். பிள்ளைதான் பிடிபடவில்லை. பொற்கடிப்பின் அழகைக் காட்டுகிறாள் தாய். பலாப்பழம், அப்பம், நாவற்பழம் என ஒவ்வொன்றாகத் தருவதாகச் சொல்லி அழைக்கிறாள். (பேச்சுவழக்கில் ஏமாற்றுதலைக் 'காது குத்துதல்' என்று கூறுவது இத்தகைய ஆசைகாட்டலிலிருந்து கிளைத்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.) பிள்ளை விண் அதிர அழுகிறான். புண் ஒன்றும் இல்லை என்கிறாள் அவள். எல்லாத் தாய்மாரும் இவ்விடத்தில் சொல்லும் பொய்தான் இது. அடுத்த பாசுரத்திலேயே அவன் கடிப்பைப் பறித்து எறிந்துவிட்டு ஓடுகிறான்.

இங்கு மாணவர்க்கு முதலில் விளக்க வேண்டிய சொல் 'பெருக்குதல்'. இக்காலத்தில் காது குத்துதல் என்றால் ஒரு சிறு துளையும் அதில் ஒரு தோடும் என்பதோடு நிறைவுறும். ஆழ்வார் காட்டும் வழக்கில் துளை தொடக்கம் மட்டுமே. அத்துளையைப் படிப்படியாக விரித்துக் காது தாழ்ந்து தொங்குமாறு வளர்ப்பதே நோக்கமாகும். சேரிப் பிள்ளைகள் எல்லாரும் காது பெருக்கித் திரிவதைப் பார் என்று தாய் சுட்டுவது ஆண்பிள்ளைகளை என்பதும் கருதத்தக்கது. சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் தாழ்ந்த காதுகளைக் கண்டிருப்போர்க்கு இது வியப்பளிக்காது. நம் தோட்டப்புறங்களில் முந்தைய தலைமுறை மூதாட்டியர் சிலர் அணிந்திருந்த பாம்படமும் தண்டட்டியும், சரவாக்கின் கென்யா, காயான் மக்களில் முதியோர் பூண்ட பித்தளை வளையங்களும் இவ்வகை உடலணி மரபின் வேறு வேறு வடிவங்களே.

திரியும் எரிதலும்

நான் வெளிநாட்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது ஒரு வாசிப்பு வட்டத்தில் இப்பதிகம் எடுத்துக்கொள்ளப்பட்டது. 'எரியாமே' திரி இடுவதாகத் தாய் சொல்லுமிடத்தில், தமிழ் கற்ற ஐரோப்பிய மாணவர் ஒருவர் ஏற்றாத விளக்குத் திரி என்று மொழிபெயர்த்தார். இலக்கணப்படி அதில் பிழை காண்பது எளிதன்று. நம் நாட்டு மாணவர்களும் அதே இடத்தில் தடுமாறுவதைப் பின்னர்க் கண்டிருக்கிறேன். எரிவது திரியன்று, காது. புதுத்துளை மூடாதிருக்க அதனுள் செலுத்தும் நூல்திரியையே ஆழ்வார் குறிக்கிறார். எரிச்சல் தோன்றாதவாறு இடுவேன் என்பதே பொருள்.

இம்முறையைச் சுச்ருத சம்ஹிதை விரிவாகக் கூறுகிறது. அதன் சூத்திரத்தானத்துப் பதினாறாம் இயல், காது துளைத்தலுக்கும் அறுந்த காதினை ஒட்டுதலுக்கும் உரியது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், கதிரொளியில் ஊடுருவித் தெரியும் இயற்கையான இடத்தைத் தேர்ந்து, ஆண்குழந்தைக்கு வலக்காதும் பெண்குழந்தைக்கு இடக்காதும் முதலில் துளைக்கப்பட வேண்டும். பின்னர்ப் பஞ்சுத்திரி இட்டு எண்ணெய் விட வேண்டும். மூன்று நாளுக்கொருமுறை முன்னதைவிடச் சற்றுப் பருத்த திரியை மாற்ற வேண்டும். குருதியும் நோவும் மிகுந்தால் இடம் தவறிக் குத்தப்பட்டது என்று கொள்க என்கிறது நூல். தவறான நாளங்களில் ஊசி பட்டால் காய்ச்சல், வீக்கம், முடிச்சு, கழுத்து விறைப்பு, இழுப்பு ஆகியன வரும் எனவும் எச்சரிக்கிறது. கழுத்து விறைப்பும் இழுப்பும் ஒருசேர வருவதை இன்றைய வாசகர் இரணஜன்னியாகக் காண விழையக்கூடும். அப்படி உறுதிப்படுத்த இயலாது. எனினும் ஊசியால் உயிருக்கு இடர் நேரலாம் என்பதை அம்மருத்துவர்கள் அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

பெரியாழ்வார் மருத்துவ நூல் கற்று இதைப் பாடினார் என்று நான் கூற வரவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் நடந்ததைப் பார்த்தே பாடியிருக்க வேண்டும். மருத்துவ நூலோர் பட்டியலிடுவதைத் தாய் அச்சமாகச் சொல்கிறாள். காதுகள் வீங்கி எரிந்து நீ பொறுக்கமாட்டாமல் போனால் தலை நோகுமே என்று அஞ்சித்தான் முன்னமே செய்யாது விட்டேன், அது என் குற்றமே என்பது அவள் வாக்குமூலம்.

வீக்கத்தை எப்படி அறிவது?

காதின் கீழே தொங்கும் சதைப்பகுதி சோணை எனப்படும். அதில் குருதியோட்டம் மிகுதியாகையால் புண் விரைந்து ஆறும். துளையின் உட்புறம் முழுவதும் தோல் படர ஏறத்தாழ 6 முதல் 8 வாரம் ஆகும். முதற் சில நாள் இலேசான வீக்கமும், நிறமற்ற நீர் கசிந்து காய்வதும் இயல்பே. வீக்கம் நாளுக்கு நாள் கூடுவதும், தொட்டால் சுடுவதும், மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழ் வருவதும், காய்ச்சல் காண்பதும் இயல்பல்ல. கையேடுகள் தோல் 'சிவக்கும்' என்றே எழுதுகின்றன. நம் பிள்ளைகள் பலரின் கருநிறத் தோலில் சிவப்பு தெரிவதில்லை. கருமை கூடியோ ஊதா நிறமாகவோ தோன்றும். ஆதலால் நிறத்தை நம்பாது சூட்டையும் நோவையும் கொண்டே அறிதல் வேண்டும்.

சீழ் பிடித்த புண்ணிலிருந்து வேறுபடுத்த வேண்டிய இன்னொன்று ஒவ்வாமை. 'கவரிங் சேராது' என்று நம் பெண்கள் சொல்வது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமையையே குறிக்கும். இதில் அரிப்பு முதலில் வரும். சீழன்றி நீர் கசியும். அணியை மாற்றினால் தணியும். புதுத்துளைக்குப் பொன்னே இட்ட மரபில் செல்வப் பெருமையும் உண்டு, உடல்நல அறிவும் உண்டு. 916 பொன்னில் கலக்கப்படுவன பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். வெள்ளைத் தங்கத்திலோ நிக்கல் கலந்திருக்கக்கூடும்.

பறித்தலும் திரித்தலும்

கண்ணன் கடிப்பைப் பறித்து எறிவது குறும்பு மட்டுமன்று. ஆறாத துளையில் அணி நீங்கினால் ஓரிரு நாளிலேயே அது மூடிக்கொள்ளும். இதனைத் தமிழ் 'தூர்தல்' என்கிறது. கிணறும் தூரும், காதும் தூரும். ஆதலின்தான் தோடு வாங்க இயலாத வீடுகளில் வேப்பங்குச்சியோ ஈர்க்கோ செருகி வைத்தனர். மூடும் துளைக்குள் சீழ் சிறைப்பட்டால் இடர் மிகும். எனவே, சோணையில் சிறிதளவு சீழ் கண்டவுடன் தோட்டைக் கழற்றாமல் மருத்துவரிடம் காட்டுவதே நன்று என்பது இன்றைய பொதுவான அறிவுரை. சுச்ருதமோ திரியை உடனே நீக்கி, மருந்துப் பற்றிட்டு, முற்றும் ஆறியபின் மீண்டும் துளைக்கச் சொல்கிறது. பஞ்சுத்திரி சீழை உறிஞ்சித் தேக்கும். வழவழப்பான உலோகம் அவ்வாறு செய்யாது. வேறுபாட்டுக்கு இதுவே காரணமாகலாம்.

பன்னிரண்டாம் பாசுரம் இன்னும் நுட்பமானது. கடிப்பை வலிந்து நோவத் திரித்தால் என் காது நொந்துவிடும், என்னால் ஆகாது என்கிறான் பிள்ளை. தோட்டை நாள்தோறும் திருகிவிட வேண்டும், இல்லையேல் சதையோடு ஒட்டிக்கொள்ளும் என்பது நம் வீடுகளிலும் நகைக்கடைகளிலும் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. காய்ந்த கசிவோடு தோட்டைத் திருகும்போது புதிதாகப் படர்ந்த மென்தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் கிருமி புகுகிறது. ஆதலின் திருகாமல் விடுவதே நலம் என்று இப்போது பலர் வலியுறுத்துகின்றனர். ஒரு குவளை (ஏறத்தாழ 240 மி.லி.) கொதித்தாறிய நீரில் கால் தேக்கரண்டி உப்பிட்டு நனைத்துக் கசிவைக் கரைத்தலே போதும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் சாம்பலும் புதுப்புண்ணில் இடத்தக்கன அல்ல. மரபின் மீது பற்றுள்ளோர் இவ்விடத்தில் அதைக் கைவிடுதல் வேண்டும்.

எந்த வயதில்?

தலை நிற்காத பருவத்திலேயே காதைப் பெருக்காது விட்டேனே என்று வருந்துகிறாள் யசோதை. கை எட்டிப் பறிக்க இயலாத பருவம் அது என்பதே அவள் கணக்கு. இன்றைய மருத்துவம் இதனோடு ஓரளவு உடன்படுகிறது. தழும்பு எல்லை மீறி வளரும் கெலாய்டு என்னும் கட்டி, ஏறத்தாழ 11 வயதுக்குப் பின் காது குத்திக்கொள்வோரிடமே மிகுதி. கருநிறத் தோலினர்க்கும், குடும்பத்தில் அத்தகைய கட்டி உடையோர்க்கும் வாய்ப்பு இன்னும் கூடும். இது சீழ்க்கட்டியன்று; புண் ஆறிச் சில மாதங்களுக்குப் பின் தலைகாட்டும். வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, மீண்டும் வளரும். ஆயினும், இரணஜன்னித் தடுப்பூசியின் முதற்றவணைகள் முடியும் முன் பச்சிளங் குழந்தைக்குக் குத்துதல் தகாது.

இங்கு, இப்போது

இந்நாட்டில் காது குத்திய பத்தர்கள் அருகிவிட்டனர். மாமன் மடி இன்றும் உண்டு. ஊசி பிடிக்கும் கை மாறிவிட்டது. கடைகளில் பயன்படும் விசைக்கருவி கூர்மழுங்கிய தோட்டை அழுத்தி உட்செலுத்துவதால் சதை நசுங்குகிறது. நெகிழியாலான பல கருவிகள் நீராவிக் கிருமிநீக்கத்தின் வெப்பத்தைத் தாங்கா. ஒருமுறை மட்டும் பயன்படும் உறை கொண்டவை ஓரளவு மேலானவை. தோட்டின் தண்டு குறுகியிருந்தால் வீங்கிய சோணை அதனை விழுங்கிவிடும். பின்மூடியைச் சதைக்குள்ளிருந்து அறுத்தெடுக்க நேரும். தேர்ந்த பத்தர், வளைக்கவும் தளர்த்தவும் கூடிய மெல்லிய பொற்கம்பியை இட்டது இதனால்தான் என்று கருதுகிறேன்.

தமிழாசிரியர்கள் தம் இடைநிலைப்பள்ளி மாணவரிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உள்ளது. மேல்மடலில் குத்திக்கொள்வது இளையோரிடையே பரவியுள்ளது. அங்கிருப்பது குருத்தெலும்பு, அதற்குத் தனிக் குருதிநாளங்கள் இல்லை. ஆற மாதங்கள் ஆகும், ஓராண்டும் ஆகலாம். விசைக்கருவி அங்கு ஒருபோதும் ஏற்றதன்று. சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் புகுந்தால் குருத்தெலும்பு கரைந்து மடல் சுருங்கிப்போகும். இழந்த வடிவம் எளிதில் மீளாது. மேல்மடல் வீங்கிச் சோணை மட்டும் வீங்காதிருப்பது அதன் அடையாளம். அதனைக் கண்டால் உப்புநீரில் காலம் கழிக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.