ஓடையும் தூண்டிலும் – 14: மீன் பிழைக்க ஒரு கைவலை

தூண்டில் கம்பு, சுருள், கயிறு எல்லாம் வாங்கி முடித்து, மிச்சக் காசில் கைவலை ஒன்றை எடுத்துக்கொண்டு வருவதுதான் பெரும்பாலானவர்களின் வழக்கம். பிடித்த மீனை ஆற்றிலேயே திருப்பி விடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டிய சாமான் அதுதான் என்பேன்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைப் பாருங்கள். மேடிசன், பிக் ஹோல், யெல்லோஸ்டோன் என்று ஃப்ளை ஃபிஷிங்குக்குப் பேர்போன ஆறுகள் அங்கே ஓடுகின்றன. பண்ணையில் வளர்த்த டிரவுட் மீன்களை ஆற்றில் விட விட, ஆற்றிலேயே பிறந்த டிரவுட் குறைந்துபோவதை மேடிசனில் டிக் வின்சென்ட் என்ற மீனியலாளர் கண்டு சொன்னார். டிரவுட் தானாகவே பெருகும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை 1974-ல் மொன்டானா நிறுத்திவிட்டது. இன்று அந்த ஆறுகளில் ஒரு மீன் செத்தால், அதற்குப் பதிலாக லாரியில் இன்னொன்று வந்து இறங்காது.

திருப்பி விட்ட மீனெல்லாம் பிழைக்கிறதா? ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் 1992-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் மனம் பதறும். ரெயின்போ டிரவுட்டைக் களைக்கும்வரை விரட்டி, உடனே தண்ணீரில் விட்டபோது 100-க்கு 88 பிழைத்தன. 30 விநாடி வெளியே வைத்தபோது 62. ஒரு நிமிடம் வைத்தபோது வெறும் 28. போட்டோ எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நல்ல கைவலை என்பது மீனைத் தூக்கும் கருவி அல்ல. தண்ணீருக்குள்ளேயே மீனை நிறுத்தி வைத்துக் கொக்கியைக் கழற்ற இடம் தரும் தொட்டி.

பழைய நைலான் முடிச்சு வலையில் டிரவுட் துள்ளும்போது கவனியுங்கள். ஒவ்வொரு முடிச்சும் உடம்பை உரசி வழும்பை வழித்தெடுக்கிறது. கிருமியிடமிருந்து மீனைக் காப்பது அந்த வழும்புதான். துடுப்பின் மெல்லிய நுனி கண்ணிக்குள் நுழைந்து கிழிகிறது. அரிசி அளவே உள்ள கொக்கியும் நூலில் சிக்கிக்கொள்ளும். அதை எடுப்பதற்குள் அந்த 30 விநாடி போய்விடும். கனடாவில் புளூகில் மீன்களை வைத்து 2003-ல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: முடிச்சு வலையில் காயமும் சாவும் அதிகம், ரப்பரிலும் முடிச்சில்லா நைலானிலும் குறைவு. இங்கிலாந்தில் முடிச்சு வலைக்குச் சட்டப்படியே தடை.

என் தீர்ப்பு ரப்பர் பைக்குத்தான். கனம் சற்றுக் கூடும், ஓட்டத்தில் இழுக்கும். ஆனால் கொக்கி குத்தி நிற்காது, சீக்கிரம் காயும். காய்வது சின்ன விஷயமில்லை. டிரவுட் குஞ்சுகளைச் சுழன்று சுழன்று சாகவைக்கும் வேர்லிங் நோய் மேடிசனில் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவாமலிருக்க, ஓர் ஆற்றின் ஈரத்தையும் சேற்றையும் அடுத்த ஆற்றுக்குச் சுமந்து போகக் கூடாது.

ஆற்றில் இறங்கி நிற்பவருக்குக் குட்டைப் பிடி போதும். முதுகில் காந்தக் கொளுவியில் தொங்கவிடலாம். படகில் போகிறவருக்கு நீளப் பிடி வேண்டும். வளையம், நீங்கள் எதிர்பார்க்கும் மீனைவிடப் பெரிதாகவே இருக்கட்டும். சின்ன வளையத்தோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு கணமும் மீன் களைக்கிறது. வலையால் மீனைத் துரத்தவும் வேண்டாம். வலையை முன்னதாகவே நீரில் அமிழ்த்தி, மீனின் தலையை உயர்த்தி, வலையின் மேலாக இழுத்து வாருங்கள். தலை முதலில் நுழையட்டும். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்.

வால்நட், மேப்பிள் பட்டைகளை வளைத்து ஒட்டிய மரச்சட்ட வலைகள் அத்தனை அழகு. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் ஒதுக்கிவிட வேண்டாம். ரப்பர் பை மட்டும் தனியாகவே கிடைக்கிறது. வளையத்தின் சுற்றளவை அளந்து வாங்கி, முடிச்சு வலையைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)